இரண்டாவது அலைவரிசை

வீட்டில் அவனுக்கு ஆராய்ச்சி என்று பெயர். துடைப்பம் வாங்கப் போனாலும் நாலு துடைப்பத்தை ஒப்பிட்டு, நாலிலும் குறை கண்டுபிடித்து, வெறுங்கையோடு திரும்புகிறவன். ஆகவே பழைய ரவுட்டர் உயிரை விட்டதும், புதிது வாங்கும் பொறுப்பு தானாக அவன் தலையில் விழுந்தது. விழுவதற்கு வேறு தலையும் இல்லை. அம்மா போன பிறகு வீட்டில் அவனும் அப்பாவும்தான்.

அப்பா பின்னறையில் படுத்த படுக்கை. மூக்கில் ஆக்சிஜன் குழாய். வெளிநாட்டில் இருக்கும் அக்கா ஞாயிறு நாலு மணிக்கு வீடியோவில் வருவாள். அதை நம்பித்தான் மற்ற ஆறு நாட்களையும் அவர் தள்ளிக்கொண்டிருந்தார். "பார்க்கவேண்டியவங்க இருந்தா சீக்கிரம் வரச் சொல்லிடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். லீவு கிடைத்ததா என்பதை இந்த ஞாயிறு சொல்கிறேன் என்றிருந்தாள் அக்கா. பின்னறைக்குள் செல்போன் சிக்னலும் நுழையாது.

மூன்று நாள் ரவுட்டர்களைப் பற்றிப் படித்துவிட்டுக் கடைக்குப் போனான்.

"எந்த ரூமுக்கு தம்பி? நடுவுல எத்தனை சுவர்?" என்றார் கடைக்காரர்.

"இதுல ஆறு ஆன்டெனா இருக்குண்ணே."

"சுவரைக் கேட்டேன்."

"மூவாயிரம் வேகம்ணே."

கடைக்காரர் பில் போட்டார்.

பெட்டிமேல் இருந்த மூவாயிரம், இரண்டு அலைவரிசைகளையும் கூட்டிப் போட்ட தொகை. ஐந்து கிகாஹெர்ட்ஸ் வேகமானது. இரண்டு புள்ளி நாலு மந்தம். மந்தத்துக்கு என்ன மரியாதை என்று செட்டிங்கில் போய் அதை அணைத்துவிட்டான். கூடத்தில் படம் தண்ணீராய் ஓடியது. அப்பா தூங்கிக்கொண்டிருந்ததால் பின்னறையில் சோதிக்கவில்லை.

ஞாயிறு நாலு மணி. அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். போனைத் தூக்கிக்கொண்டு நடந்தான். முதல் சுவர் தாண்டியதும் அவள் முகம் கட்டம் கட்டமானது. மூன்றாவது சுவரில் வாயைத் திறந்தபடி நின்றுபோனாள். பின்வாங்கினான்; கதவுக்கு எட்டடி முன்னால், நடையின் திருப்பத்தில் மறுபடி உயிர் வந்தது. அங்கிருந்து போன் பேசுவது அப்பாவுக்குக் கேட்காது. ஆக்சிஜன் மெஷின் அப்படி இரைந்தது.

"டேய், லீவு இல்லைன்னுட்டாங்கடா" என்றாள் அக்கா. "இப்பக் கிளம்பினா வேலையே போயிடும். அப்பாகிட்ட போனைக் குடு, நானே சொல்லிக்கிறேன்."

"உள்ள சிக்னல் இல்லக்கா."

"மூணு நாளா என்னத்தடா ஆராய்ஞ்ச?"

உள்ளிருந்து அப்பா கத்தினார். கத்துவதாக அவருக்கு நினைப்பு. "என்னடா சொல்றா?"

ஆராய்ச்சி போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டான்.

"வர்றாளாம்ப்பா."

"எப்போ?"

"அடுத்த மாசம்."

"அவ ரூமைக் கூட்டி வை" என்றார் அப்பா.

அக்காவிடம், "அப்பா சரின்னுட்டார்" என்றான். "பாவம்டா. அடுத்த வாரம் எப்படியாவது நானே பேசணும் அவர்கிட்ட" என்று அவள் அழுதாள். அந்த அழுகை மட்டும் துளி பிசகாமல், முழு வேகத்தில் வந்து சேர்ந்தது.

சாயங்காலம் மறுபடி படித்தான். ஐந்து கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். மந்தமானதுதான் சுவர் தாண்டிப் போகும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்தது. முன்பும் அதே இடங்களில்தான் எழுதியிருந்தது. அணைத்ததைத் திறந்துவிட்டுப் பின்னறைக்குப் போனான். அப்பாவின் தலைமாட்டில் போனில் மூன்று கோடு நின்றது.

"சரியாயிடுச்சாடா?" அப்பா கண்ணைத் திறந்தார். முகம் சவரம் செய்ததுபோல் தெளிவாக இருந்தது. "அடுத்த வாரம் நானே அவகிட்டப் பேசலாமா?"

அவன் போனைப் பார்த்தான். செட்டிங்கில் போய் இரண்டாவது அலைவரிசையை அணைத்தான். கோடுகள் ஒவ்வொன்றாகப் போயின.

"இல்லப்பா. சுவர் ரொம்ப கனம். நானே கேட்டுச் சொல்றேன்."

"பார்த்துத்தானே வாங்கின?"

"ஆமாம்ப்பா" என்றான்.

பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனான்.