பதினொன்றரை மணிக்குக் காணாமல் போகிறவை

நிலவன் நிரல் எழுதும் எடிட்டரில் டெம்ப்ளேட்டுகள் முதன்முறை காணாமல் போனது ஜூன் ஆறாம் தேதி, பகல் பதினொன்றரை மணிக்கு. புதுக் கோப்பு ஒன்றைத் தொடங்கலாம் என்று பட்டியலைத் திறந்தான். முந்தைய நாள் வரை பதினேழு அச்சுகள் வரிசையாக நின்ற இடம், எச்சில் இலை எடுத்துத் துடைத்த தரைபோல் வெறுமையாக இருந்தது.

டெம்ப்ளேட் என்பது இட்லித்தட்டு மாதிரி. மாவை ஊற்றினால் போதும், குழியை ஒவ்வொரு தடவையும் நாமே தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அது இல்லாமலும் வேலை நடக்கும், மெதுவாக. ஆனால் போனது அது மட்டுமல்ல. நிரல் எழுதும்போது பாதிச் சொல்லைத் தட்டினால் மீதியை எடிட்டர் எடுத்துக்கொடுக்கும், கூத்தில் பின்பாட்டுக்காரன் எடுத்துக்கொடுப்பதைப் போல. அதுவும் வாயை மூடிக்கொண்டது. அவன் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கீழே சிவப்புக்கோடு நெளிந்தது. நேற்றுவரை தெரிந்த பெயர்களை எல்லாம் இன்று யாரென்றே தெரியாது என்றது எடிட்டர்.

அவன் பதறவில்லை. சென்னையில் இரண்டு வருடம் இரவுப்பணியில் அயல்நாட்டுக்காரர்களின் பிரிண்டரைத் தொலைபேசியிலேயே சரிசெய்து கொடுத்தவன். ஒருநாள் விடியற்காலையில் நாற்காலியை விட்டு எழுந்து, அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, பேருந்தேறி ஊருக்கு வந்துவிட்டான். வேலையை விட்டாலும் வேலை அவனை முழுசாக விடவில்லை. இரவில் படுத்தால் தூக்கம் வருவதில்லை. பகலில் விழித்திருந்தாலும் விழித்திருப்பதாகத் தோன்றுவதில்லை. பத்து மணிக்குமேல் வெயில் வெள்ளையாகக் கொட்டும்போது தெரு, மரம், சைக்கிள் எல்லாம் யாரோ காணும் கனவில் நகர்வதுபோல் நகரும். அந்தக் கனவுக்குள் உட்கார்ந்துதான் அவன் நிரல் எழுதிக்கொண்டிருந்தான்.

எழுதியது பக்கத்து மீனவ ஊரான பட்டினச்சேரிக்காக. போன வருடம் அங்கே செல்லையன் என்பவரின் படகு என்ஜின் நின்று ஓர் இரவு முழுக்கக் கடலில் மிதந்தது. மூன்று பேரை மீட்டுக் கொண்டுவந்தார்கள். நான்காவது ஆளைக் காணோம் என்று பதினோரு படகுகள் விடியும்வரை தேடின. நான்காவது ஆள் அன்று கடலுக்கே போகவில்லை, நாகூரில் மாமியார் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். தேடப்போன படகு ஒன்று பாறையில் மோதி, ஒருவனுக்குக் கால் போயிற்று. யார் எந்தப் படகில் போனார்கள், யார் திரும்பினார்கள் என்று கைப்பேசியிலேயே பதிந்து பார்க்க ஒரு ஏற்பாடு வேண்டும் என்று அப்போதுதான் ஊர் முடிவுசெய்தது. நிலவன் செய்து தருவதாகச் சொன்னான். மீன்பிடித் தடை ஜூன் பதினாலோடு முடிகிறது. அதற்குள் கொடுத்துவிட்டால், இனி பகலில் வேலைபார்த்துப் பிழைக்கலாம். இல்லாவிட்டால் மறுபடி சென்னை, மறுபடி பிரிண்டர்.

ஊர்ப் பஞ்சாயத்துக் காரியங்களைப் பார்க்கும் நெடுமாறன் நாளுக்கொரு தடவை போன் செய்வார்.

"தம்பி, பதினாலு சாயங்காலம் கையில இருக்கணும். நாகப்பட்டினத்துக்காரன் ஒருத்தன் செஞ்சு குடுக்க ரெடியா நிக்கிறான்."

"ஆயிடும்ண்ணே."

"போன மாசமும் இதத்தான் சொன்ன. நீ சொல்றதையும் டெம்போ பலகையில எழுதியிருக்கிற ஊரையும் நம்பக்கூடாதுன்னு எங்க வீட்ல சொல்றாங்க."

எடிட்டரின் பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டினான். டெம்ப்ளேட்டுகள் திரும்பி வந்தன, பின்பாட்டும் வந்தது. அப்பாடா என்று இரவு படுத்தான். மறுநாள் பதினொன்றரைக்கு மறுபடியும் போயின.

எட்டாம் தேதி எடிட்டரை முழுசாக நீக்கிவிட்டு மறுபடி நிறுவினான். ஒன்பதாம் தேதி அதன் பழைய நினைவுகளை எல்லாம் அழித்துப் புதிதாகப் படிக்கவைத்தான். பத்தாம் தேதி, படகுப் பெயர்களை அடிக்க வைத்திருந்த தமிழ்த் தட்டச்சு மென்பொருள் எடிட்டருக்கான அதே விசைகளைப் பிடித்துக்கொள்கிறதோ என்று அதைத் தூக்கினான். வைரஸ் தேடினான், கிடைக்கவில்லை. ஒவ்வொரு மாலையும் எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொரு நாளும் பகல் பதினொன்றரை வாக்கில், கடல் உள்வாங்குவதுபோல் எல்லாம் போய்விட்டது.

அவன் உட்கார்ந்திருந்தது, ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியையான ழக்லின் டீச்சர் வீட்டு மாடியில். தலத்தெருவில் அவன் வீட்டில் நெட் பாதி நாள் வராது. டீச்சர் வீட்டில் வரும், காற்றும் வரும். லேப்டாப்பும் அவனுடையதல்ல. டீச்சரின் அண்ணன் ஃபிரெடெரிக்குடையது. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரெத்ரேத் எனும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு பிரெஞ்சு நகரமான துலூஸில் தனியாக இருக்கிறவர். டிசம்பரில் வந்தால் இரண்டு மாதம் இங்கே இருப்பார். இப்படி வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் போகிறவர்கள் எதையும் பூட்டிவைப்பதில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டிரு, மோட்டாரைப் போட்டுக்கொண்டிரு, இல்லாவிட்டால் துருப்பிடித்துவிடும் என்று யாரிடமாவது சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படித்தான் லேப்டாப்பையும் தன் கணக்கில் திறந்தபடியே நிலவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "சும்மா கெடந்தா கெட்டுப்போயிடும்பா, தட்டிக்கிட்டே இரு" என்றார். அவனும் தட்டிக்கொண்டே இருந்தான்.

பதினாலாம் தேதி காலையில் ஒரே ஒரு பக்கம்தான் பாக்கி. நாற்பத்தொரு படகும் நூற்றறுபது பேரும் ஏற்றியாகிவிட்டது. சோதித்துப் பார்ப்பதற்காக எல்லாப் பெயருக்கும் எதிரே 'திரும்பவில்லை' என்று முதலிலிருந்தே போட்டுவைத்திருந்தான். எடிட்டர் திரும்ப உருவாக்கும் டெம்ப்ளேட்டுகளிலும் அந்தப் பட்டியல் மாதிரியாக ஏறிக்கொள்ளும். ஆள் கரையேறிப் பொத்தானை அமுக்கினால் அது 'திரும்பினார்' என்று மாறவேண்டும்.

அன்று பதினொன்றேகாலுக்கு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான். டெம்ப்ளேட்டுகளும் எடிட்டரின் சொற்பட்டியலும் இருக்கும் ஃபோல்டரைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா பார்த்தான். கீழே தெருவில் ஐஸ்காரன் மணி கேட்டது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் எதுவும் அசையவில்லை. அவன் கண் தானாக மூடித் திறந்தது.

பதினொன்று முப்பத்துநாலுக்கு முதல் டெம்ப்ளேட் போயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இரண்டாவது போயிற்று. மூன்றாவது. பிறகு ஒரு நிமிடம் நின்றது. யாரோ காப்பியை ஒரு மடக்கு குடித்துவிட்டு வந்ததுபோல மறுபடி தொடங்கியது.

பிழை என்றால் எல்லாவற்றையும் ஒரே வாயில் விழுங்கும். பிழைக்கு இளைப்பாறத் தெரியாது. இது ஒரு கை. தயங்கித் தயங்கி அழிக்கிற கை.

அந்தக் கை டெம்ப்ளேட்டுகளை முடித்துவிட்டு அடுத்த ஃபோல்டருக்கு வந்தது. இத்தனை நாள் தொடாத ஃபோல்டர். பட்டினச்சேரி. அவனுடைய நிரல் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. அவன் மௌஸைப் பிடிப்பதற்குள் அது போய்விட்டது.

லேப்டாப்பின் குப்பைத் தொட்டியைத் திறந்தான். காலி. வேறெங்காவது ஒரு பிரதி வைத்திருந்திருக்க வேண்டும். மே மாதம் பென் டிரைவில் போட்ட பாதி வேலையைத் தவிர ஒன்றுமில்லை. இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது, அவனும் சொல்லவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். எழுந்தால் விழித்துக்கொள்வோம், விழித்தால் இது நடந்ததாகிவிடும் என்று தோன்றியது.

படியேறும் சத்தம் கேட்டது. ழக்லின் டீச்சர் கையில் போனோடு வந்தார். அறுபத்தெட்டு வயது. அழுது நிலவன் பார்த்ததில்லை. இப்போது மூக்கு சிவந்திருந்தது.

"நிலவா, அண்ணன இனிமே தனியா விட முடியாதுடா. இன்னிக்கு டாக்டருக்குக் கூட்டிட்டுப் போறாங்க. முதியோர் இல்லத்துல சேக்கணும்னு சொன்னாலும் சொல்லுவாங்க."

"என்னாச்சு டீச்சர்?"

"ராத்திரில எந்திரிச்சு ஏதேதோ எழுதுறாராம். காலையில அவருக்கு ஞாபகமே இல்ல. கம்ப்யூட்டரத் திறந்தா எழுதினது மட்டும் இருக்காம். அழிச்சா மறுநாள் திரும்ப வந்துடுதாம்."

"என்ன எழுதியிருக்காம்?"

"பேரு. வரிசையா ஆம்பளைங்க பேரு. ஒவ்வொரு பேருக்கு எதிர்லயும் 'திரும்பவில்லை'ன்னு. பட்டாளத்துல இருந்த மனுஷன்டா. செத்தவங்க பேரையெல்லாம் தன்னை அறியாம எழுதுறோம்னு நெனச்சுப் பயந்துட்டாரு."

நிலவன் திரையைப் பார்த்தான். டீச்சரைப் பார்த்தான். சுவரில் கடிகாரத்தைப் பார்த்து, மூன்றரை மணி நேரத்தைக் கழித்தான். அங்கே இப்போது காலை எட்டு. வயதானவர் எழுந்து, காப்பி போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரைத் திறக்கும் நேரம்.

"அண்ணனக் கூப்பிட்டுப் போனக் குடுங்க டீச்சர்."

"அலோ" என்றது மறுமுனை. மெலிந்த குரல்.

"ஐயா, நிலவன் பேசுறேன். அந்தப் பேருங்கள நீங்க எழுதல. நான்தான் எழுதினேன்."

"நீ எப்படிப்பா என் வீட்டுக்குள்ள வந்து எழுதுவ?"

"நீங்க குடுத்த லேப்டாப் இன்னும் உங்க கணக்குலதான் இருக்கு. இதுல நான் வைக்கிறது அங்க வந்து நிக்கும். அங்க நீங்க அழிச்சா இங்க போயிடும்."

துலூஸில் ஒரு புறா கத்துவது கேட்டது.

"அழிச்சது மறுநாள் திரும்ப வந்துச்சே?"

"நான்தான் திரும்பத் திரும்ப வச்சேன். இங்க பழுதுன்னு நெனச்சேன்."

"எத்தினி நாளா?"

"எட்டு நாளுங்கய்யா."

"மெர்த்!" என்று பிரெஞ்சுக் கெட்டவார்த்தையில் கத்தினார் ஃபிரெடெரிக்.

"பாரு வாய" என்றார் டீச்சர், பக்கத்திலிருந்து.

"எட்டு நாளா ரைட் கைய கட்டில் கம்பியோட சேத்து துண்டால கட்டிக்கிட்டுப் படுக்குறேன்டா நான். எந்திரிச்சா தெரியட்டும்னு. கட்டு அப்படியே இருக்கு, காலையில பேரும் வந்து இருக்கு. அப்ப இடது கையால எழுதுறேன் போலன்னு நெனச்சேன்."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஐயா, அழிச்சதெல்லாம் குப்பையில இருக்குமே. அதைக் காலி பண்ணிட்டீங்களா?"

"கொர்பேயா, அந்தக் குப்பைக்கூடையா? இல்ல. டாக்டர்கிட்ட காட்டணும்னு அப்படியே வச்சிருக்கேன்."

தனக்குப் பைத்தியம் இல்லை என்று தெரிந்திருந்தால் கிழவர் அன்றே சுத்தமாகத் துடைத்திருப்பார். பயந்ததால்தான் பத்திரமாக வைத்திருக்கிறார்.

அதற்குப்பிறகு ஒரு மணி நேரம் மூன்று பேரும் சேர்ந்து வேலைபார்த்தார்கள். அவர் திரையில் இருப்பதைப் பிரெஞ்சில் வாசிப்பார், டீச்சர் தமிழில் சொல்வார், எதை அமுக்கவேண்டும் என்று நிலவன் சொல்வான். பட்டினச்சேரி ஃபோல்டரும் டெம்ப்ளேட்டுகளும் மெல்லத் திரும்பி வந்தன. வந்ததைத் திறந்து, ஃபிரெடெரிக் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படகாக வாசித்தார். பயந்து பயந்து பார்த்த பெயர்களை இப்போது உரக்க வாசித்தார்.

"ஆமா, இவங்கல்லாம் ஏன் திரும்பல?"

"இன்னும் போகவே இல்லங்கய்யா. தடைக்காலம். எல்லாரும் வீட்ல இருக்காங்க."

"வீட்ல குந்தியிருக்கிறவனுக்கு எதிர்ல திரும்பலைன்னு எழுதி வச்சிருக்க. இத அவன் பொண்டாட்டி பாத்தா என்னத்துக்கு ஆவும்? எழுதுறவன் யோசிக்க வேணாமா?"

நிலவன் யோசிக்கவில்லை. இரண்டு மாதமாக அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தும் அது அவனுக்குச் சொல்லாகவே தெரியவில்லை, வெறும் மதிப்பாகத் தெரிந்தது. உடனே மாற்றினான். போகாதவனுக்கு 'கரையில்'. போனவனுக்கு 'கடலில்'. 'திரும்பவில்லை' என்ற மூன்றாவது சொல் இனி எங்கேயும் தானாக வராது. யாராவது ஒருவர் பார்த்து, நினைத்து, கையால் போட்டால்தான் வரும்.

"கணக்கை அறுத்துடட்டுமாங்கய்யா?"

"அறுத்துடு. எனக்கு அதுல இருக்கிற என் போட்டோ போதும். டாக்டருக்கும் போன் போட்டு வரலைன்னு சொல்லணும். அவன் வேற பெரிய ஆளு, ஒரு வாரம் காத்திருந்து வாங்கின நேரம்."

"போயி ரத்தக் கொதிப்பாவது பாத்துட்டு வா" என்றார் டீச்சர்.

தன்னுடையதை எல்லாம் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, நிலவன் இணைப்பை வெட்டினான். எடிட்டரை மூடித் திறந்தான். பதினேழு டெம்ப்ளேட்டுகளும் இருந்தன. கடைசிப் பக்கத்தில் உட்கார்ந்து பாதிச் சொல்லைத் தட்டினான். மீதி தானாக வந்து நின்றது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு கூட இருக்கவில்லை, நேரமில்லை.

ஐந்தரைக்குப் பட்டினச்சேரி. படகுகளில் ஐஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஏலக்கூடத்து நிழலில் நெடுமாறன் நின்றுகொண்டே போனை வாங்கி, கையைத் தூரமாக நீட்டிப் பிடித்துப் பார்த்தார். படகைத் தொட்டார், ஆட்கள் வந்தார்கள். ஓர் ஆளைத் தொட்டார், 'கடலில்' என்றது. மறுபடி தொட்டார், 'கரையில்' என்றது. இப்படிப் பத்துத் தடவை மாற்றிப் பார்த்தார். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

காசியம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு எட்டிப்பார்த்தாள். "எங்க வூட்டுக்காரரு இருக்காராய்யா அதுல?"

"இருக்காரு. பாரு, கரையில்."

"பொய்யி. மத்தியானத்துலேருந்து சாராயக்கடையில இருக்காரு."

கூட்டம் சிரித்தது. நெடுமாறன் சிரிக்கவில்லை. நியாயமான குறை என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அதுக்கும் ஒரு கட்டம் வச்சுடு தம்பி. நாளைக்கு வேணாம், பொறுமையா செய்யி" என்று சொல்லிவிட்டு, போனைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அது நிலவனின் போன். திருப்பிக் கேட்கச் சங்கடமாக இருந்தது. நள்ளிரவில் தடை முடிந்து முதல் படகு கிளம்பும்வரை அவன் அங்கேயே நின்றான்.