மஞ்சள் பட்டில் ஒட்டிய பூச்சி

திருப்பருத்திக்குன்றத்துக் குத்தகை நிலத்தில் பெரியநாயகிக்கு இது இரண்டாவது வெண்டை. போன வருஷத்துப் பயிர் மஞ்சள் நோயில் போயே போய்விட்டது. இதுவும் போனால் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று நிலக்காரர் சொல்லியாகிவிட்டது. அவள் வம்சத்திலேயே தன் பேரில் பயிர் வைத்த முதல் ஆள் அவள்தான். மறுபடியும் அடுத்தவர் வயலில் கூலிக்குக் குனிவதா?

கிராம சேவகர் சொன்னதையெல்லாம் செய்தாள். இலை நரம்பு மஞ்சளான செடியை, பூவும் பிஞ்சுமாக இருந்தாலும், வேரோடு பிடுங்கிக் கொளுத்தினாள். நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோவது வெள்ளை ஈ, அதை ஒழித்தால்தான் விடிவு என்றும் அவர் சொல்லியிருந்தார். கடுகளவுகூட இல்லாத அந்தச் சனியனை எங்கே போய்ப் பிடிப்பது?

ஒரு நாள் காலை வேலிக்கு அப்பாலிருந்து தனசேகரன் கத்தினார். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். தோய்த்த நூலை அங்கேதான் கொடியில் காயப்போடுவார்.

"இன்னாம்மா இது? உன் தோட்டத்துப் பூச்சி மொத்தமும் என் பட்டு மேல குந்திக்கினு இருக்குது. முகூர்த்தப் புடவைக்குப் போற நூலும்மா."

"பூச்சிய நானா வளக்கறேன்?" என்று சண்டைக்குத்தான் போனாள். போனவள் கொடியைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். அரக்கு நூலில் ஒன்றுமில்லை. பச்சையிலும் இல்லை. மஞ்சள் நூலில் மட்டும் உப்புத் தூவினாற்போல வெள்ளை ஈ, ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"ண்ணா, மிச்ச மஞ்சச் சாயம் கொஞ்சம் குடுங்கண்ணா."

எதற்கு என்று கேட்டார். சொன்னாள். மனுஷன் கோபத்தை அப்படியே முழுங்கிவிட்டு அண்டாவை அவள் பக்கம் நகர்த்தினார். பழைய வேட்டியைக் கிழித்து அதில் முக்கிக் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவி, பாத்திக்குப் பாத்தி கம்பு நட்டுக் கட்டினாள். மறுநாள் சாயங்காலம் துணியின் மஞ்சளே தெரியவில்லை, அவ்வளவு ஈ.

அதற்கப்புறம் வாரம் தவறாமல் மஞ்சள் தோய்த்த புதுத் துணி வேலியில் தொங்கியது. அவள் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை.

நோய் அடியோடு ஒழிந்துவிடவில்லை. அவ்வப்போது ஒன்றிரண்டு செடியைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் தோட்டம் நின்றது. நிலக்காரர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷமும் நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் பறிப்புக் கூடையைப் பொன்னியம்மன் கோயில் படியில் வைப்பது வழக்கம். பெரியநாயகி கோயிலைத் தாண்டி நடந்து, தனசேகரன் வீட்டு வாசலில் கூடையை இறக்கினாள்.

"மொதக் கூடை அம்மனுக்குத்தானம்மா?"

"அம்மனுக்கு ரெண்டாவது கூடைண்ணா. அது ஒண்ணும் கோவிச்சுக்காது. வாரா வாரம் வேலியில துணி மாட்டினது நீங்கதானே."

கழுவினாலும் போகாத மஞ்சள் கைகளால் அவர் கூடையை வாங்கிக்கொண்டார்.