காடுதான் புதுசு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வேலையை முடித்து எழுந்தபோது மேஜையில் இருந்தது ஒரு கணினி. திங்கட்கிழமை காலை வந்து உட்கார்ந்தபோது இருந்தது வேறொன்று. இடையில் கிடைத்த இரண்டு விடுமுறை நாள்களில் மருத்துவமனை முழுக்க எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். பழைய இயங்குதளத்துக்கு இனிமேல் பராமரிப்பு கிடையாது, புதியது வேகமானது, பத்திரமானது என்று சுற்றறிக்கைமேல் சுற்றறிக்கையாக வந்துகொண்டுதான் இருந்தது. அவளும் கேட்டிருந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள் என்பதால் சுற்றறிக்கையானாலும் சரி, கேன்டீன் விலைப்பட்டியலானாலும் சரி, அவளுக்கு எல்லாம் கேட்டறிவதுதான்.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்யும் வேலை அவளுக்கு. இடது காதில் டாக்டரின் குரல். வலது காதில் அவள் அடித்ததை வாசித்துக் காட்டும் கணினியின் குரல். காலடியில் ஒரு மிதிகட்டை, அழுத்தினால் டாக்டர் பேசுவார், விட்டால் நிறுத்துவார். கணினியின் குரல் ஏற்ற இறக்கம் இல்லாத ஓர் ஆண் குரல், மூச்சு விடாமல் கடகடவென்று ஒப்பிக்கும். பக்கத்து மேஜை அக்கா அதற்கு 'அத்தான்' என்று பெயர் வைத்திருந்தார். "உன் அத்தானுக்கு இன்னைக்கு என்ன கோவம், இப்படிப் பொரிஞ்சு தள்றாரு?" என்பார். அவசர அறிக்கை எது வந்தாலும் அவளிடம்தான் வரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று காலை கணினிப் பிரிவுக்காரர் ஒவ்வொரு மேஜையாக வந்தார். அவளிடம் வந்ததும், "ஒண்ணும் பயப்பட வேணாம்மா. எல்லாம் ஸ்கிரீன்லயே போட்டிருக்கு. பாத்தாலே புரிஞ்சிரும்," என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாசிச்சுக் காட்டற வசதி இதுலயும் இருக்காம்," என்று எதையோ அழுத்திவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்.

காதுக்குள் ஒரு பெண் குரல் பேச ஆரம்பித்தது. மெதுவாக, தேன் தடவினாற்போல. ஒவ்வொரு சொல்லையும் குழந்தைக்கு ஊட்டுவதுபோல ஊட்டியது.

"அத்தான் போயி மாமியார் வந்தாச்சு," என்றாள் அவள் அக்காவிடம். அக்கா வாய்விட்டுச் சிரித்தார், அவளும் கூடச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

பழைய கணினியில் எதற்கெடுத்தாலும் இடது சுண்டுவிரல் மூலையிலிருக்கும் விசைக்குப் போகும். சேமிக்க, நகலெடுக்க, செய்ததைத் திருப்ப, எல்லாவற்றுக்கும். புதியதில் அந்த வேலையைக் கட்டைவிரலிடம் கொடுத்திருந்தார்கள். மூளைக்கு அது ஒரே நாளில் புரிந்துவிட்டது. சுண்டுவிரலுக்குப் புரியவில்லை. அவள் நினைப்பதற்குள் அது மூலைக்கு ஓடியிருக்கும், திரையில் வேறு ஏதாவது நடந்திருக்கும். என்ன நடந்தது என்று மாமியார் நிதானமாகச் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் இரண்டு வரி தாண்டியிருப்பார். அவரை நிறுத்த மிதிகட்டையை விட்டால் நிற்கவில்லை. மிதிகட்டையைப் புதிய கணினிக்கு அடையாளமே தெரியவில்லை.

அதைவிடக் கொடுமை, திரையின் அமைப்பு. பழையதில் எல்லாம் ஒரே நீளமான நடைபோல இருந்தது, கீழ்நோக்கிய விசையை அழுத்திக்கொண்டே போனால் ஒவ்வொன்றாக வரும். புதியதில் அறைக்குள் அறை. ஒவ்வொரு அறைக்கும் நுழைய ஒரு விசைக்கூட்டு, வெளியே வர இன்னொன்று. தெரியாமல் எதற்குள்ளாவது நுழைந்துவிட்டால் வாசல் அகப்படாது. அறிக்கைகளை அனுப்பும் மென்பொருளில் இருந்த பொத்தான்களுக்கு யாரும் பெயர் கொடுத்திருக்கவில்லை. "பொத்தான். பொத்தான். பொத்தான்," என்றது மாமியார். எது அனுப்பும், எது அழிக்கும் என்பது அழுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த வாரம் பிரிவு முழுக்க ஒரே புலம்பல். "கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு," என்று ஒருவர் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் போலும், அறை சட்டென்று அமைதியாகிவிட்டது.

"எனக்கு எப்பவும் கட்டித்தான் இருக்கு," என்றாள் அவள். "காடுதான் புதுசு."

எல்லோரும் அளவுக்கு மீறியே சிரித்தார்கள். ஆனால் அடுத்த வாரத்துக்குள் அவரவருக்கு வழி பிடிபட்டுவிட்டது. புலம்பல் அடங்கியது. அவள் மட்டும் காட்டிலேயே நின்றாள்.

ஒருநாள் அவளுடைய சுண்டுவிரல் செய்த வேலையில், பாதி அடித்த அறுவைச் சிகிச்சை அறிக்கை ஒன்று அப்படியே வார்டுக்குப் போய்விட்டது. டாக்டர் தொலைபேசியில் கத்தினார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, அக்கா முழு அறிக்கையையும் உடனே அடித்து அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அக்காவின் உதவி தொடங்கியது. முதலில், "நீ மேல இருக்கே, கீழ வா," என்று காதோடு சொன்னார். பிறகு குனிந்து அவள் கணினியின் மவுஸைத் தானே பிடித்து நகர்த்தினார். பிறகு, "விடு, நான் போட்டுடறேன்," என்றார். அவர் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. ஆனால் யாராவது அவளிடம் ஓர் அறிக்கையைப் பற்றிக் கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள், "அக்கா பாத்துப்பாங்க," என்று இன்னொரு மூலையிலிருந்து பதில் வர ஆரம்பித்தது.

பொத்தான்களுக்குப் பெயர் வைக்கச் சொல்லுங்கள், மிதிகட்டையை வேலை செய்ய வையுங்கள் என்று மேலாளரிடம் கேட்டாள். "மேல எழுதியிருக்கேன்மா," என்றார் அவர். கேட்கும்போதெல்லாம் அதையே சொன்னார்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. அதே இயங்குதளம் உள்ள பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கினாள். கூடப் படித்த சிநேகிதி ஒருத்தி, அவளைப் போலவே பார்வையற்றவள், பள்ளி ஆசிரியை, இந்தக் கணினியை ரொம்ப நாளாகப் புழங்குகிறவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தாள். ஈவிரக்கம் இல்லாத வாத்தியார். "அழுது முடிச்சிட்டியா? சரி, மூக்கைச் சிந்திட்டுக் கட்டைவிரலை வை," என்பாள்.

அழத்தான் செய்தாள். ஒருநாள் விசைப்பலகைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதபோது, நெற்றி அழுத்திய விசையெல்லாவற்றையும் மாமியார் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தது. கணவன் அப்போது அறை வாசலில் நின்றிருந்தான். அவன் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். மருத்துவமனை மின்தூக்கியைச் சரிசெய்ய வந்த இடத்தில்தான் இருவருக்கும் பழக்கமானது. ஒரு டம்ளர் தண்ணீரை அவள் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போனான்.

ஆனால் பழகிவிட்டது. எந்த நாள் என்று அவளால் சொல்ல முடியாது. ஒருநாள் சுண்டுவிரல் இருந்த இடத்திலேயே இருந்தது, கட்டைவிரல் தானாகப் போனது. அறைகளுக்குள் நுழையவும் வெளியேறவும் வந்தது. பெயரில்லாத பொத்தானுக்கு நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று சிநேகிதி காட்டிக்கொடுத்தாள். அடுத்த நாள் அலுவலகத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாள். ஒன்று 'அனுப்பு', ஒன்று 'நிறுத்திவை', தவறி அழுத்தினால் எல்லாவற்றையும் அழித்துவிடும் ஒன்றுக்கு 'சனியன்'. மிதிகட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு, டாக்டரை நிறுத்தவும் பேச வைக்கவும் இரண்டு விசைகளை ஒதுக்கிக்கொண்டாள். மாமியாரின் பேச்சு வேகத்தையும் கூட்டிவிட்டாள். அந்த வாரம் முழுக்க யார் உதவியும் இல்லாமல் வேலை செய்தாள். அக்கா குனிந்தபோது, "வேணாங்கக்கா, நானே," என்றாள்.

வெள்ளிக்கிழமை மேலாளர் அறைக்குப் போய்ச் சொன்னாள்.

"அடடே, ரொம்ப நல்லது," என்றார் அவர். நாற்காலி கிறீச்சிட்டது. "ஆனா உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேனேம்மா."

"எதப் பத்தி சார்?"

"வரவேற்பறையில ஃபோன் எடுக்கற வேலை. உங்களைக் கூட்டிட்டுப் போக வந்தாரில்ல, அப்போ உள்ள கூப்பிட்டுப் பேசினேன். அவரும் அதுதான் நல்லதுன்னு சொன்னாரு. வீட்ல உக்காந்து அழறீங்களாமே. பாவம், எதுக்கு இந்தக் கஷ்டம்?"

"என்கிட்ட ஏன் சார் கேக்கல?"

"உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்."

அவள் வந்து பார்க்கச் சொன்னாள். அவரும் மறுக்காமல் எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். ஓர் அறிக்கையைத் தொடங்கி முடித்து, சரிபார்த்து அனுப்பிக் காட்டினாள். "பிரமாதம்," என்றார். உண்மையாகத்தான் சொன்னார். "ஆனா மேல கையெழுத்தாயிடுச்சு. உங்க எடத்துக்குத் திங்கக்கிழமை ஆள் வருது. கொஞ்ச நாள் அங்க இருங்க, பாக்கலாம்."

சாயங்காலம் கணவனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்தபோது அவள் அவன் தோளைப் பிடிக்கவில்லை. பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக் கதவு சாத்தும் வரை பொறுத்திருந்தாள்.

"மேலாளர் உங்ககிட்ட பேசினாரா?"

சாவியை ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டது. "பேசினாரு."

"எப்போ?"

"போன வாரம். சொல்லணும்னுதான் இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீ ஒத்துக்க மாட்டே."

"ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சே எனக்காக ஒத்துக்கிட்டு வந்திருக்கீங்க."

"நீ அழறத எத்தனை நாள் பாத்துட்டு இருக்கறது? எனக்கு மட்டும் மனசு இல்லையா? சம்பளம் அதேதான், வேலை லேசு. இதுல என்ன தப்பு?"

"நீங்க புது மாதிரி லிஃப்ட்டுக்கு மாறினப்போ மாசக்கணக்கா எரிஞ்சு விழுந்துட்டு இருந்தீங்க. அந்த போர்டு புரியல, இந்த ஒயர் புரியலன்னு சாப்பிடாம படுத்தீங்க. நான் உங்க முதலாளிகிட்ட போயி, இவரால முடியல, வாட்ச்மேனா கேட்டுல உக்கார வைங்கன்னு சொன்னேனா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

அவள் காத்திருந்தாள். எப்படி இரண்டும் ஒன்றல்ல என்று அவன் சொல்லட்டும் என்று நின்றாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம்தான் கேட்டது.

வரவேற்பறை வேலையில் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை. எந்த டாக்டருக்கு எந்த எண் என்பது முதல் நாள் மத்தியானத்துக்குள் மனப்பாடமாகிவிட்டது. அதன் பிறகு வணக்கம் சொல்வதும் இணைப்புக் கொடுப்பதும்தான். சாப்பாட்டு வேளையில் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இங்க நல்லா ஜில்லுன்னு இருக்கு," என்றார். பிறகு, "புதுசா வந்த பொண்ணு எறும்பு ஊர்ற மாதிரி அடிக்குது. அவசரமெல்லாம் என் தலையில விடியுது," என்றார். அதைக் கேட்டு அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. குளிர்ந்ததே என்று தன்மேல் எரிச்சலாகவும் இருந்தது.

மேலாளர் சொன்ன 'பாக்கலாம்' வரவே இல்லை. ஒருமுறை போய்க் கேட்டாள். "அங்க எல்லாரும் உங்களை ரொம்பப் பாராட்டறாங்கம்மா," என்றார்.

அவள் வேறு இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்ப ஆரம்பித்தாள். கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே எழுதினாள். மாமியார் இப்போது பேசும் வேகத்தில் அவனுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

"என்ன சொல்லுது அது?" என்று கேட்டான் ஒருநாள்.

"சும்மா."

சிலர் பதில் போடவில்லை. இரண்டு இடத்தில் நேரில் கூப்பிட்டு, அவள் கைத்தடியைப் பார்த்ததும் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எடுத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் சொல்லும் புகார்களைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. சம்பளம் கொஞ்சம் குறைவு. கையெழுத்துப் போட்டு, பழைய இடத்தில் விலகல் கடிதம் கொடுத்த பிறகுதான் வீட்டில் சொன்னாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றான் அவன்.

"சொல்லியிருக்கலாம்," என்றாள்.

சண்டையாவது போட்டிருக்கலாம் என்று அவளுக்குப் பிறகு தோன்றியது.

புதிய அலுவலகத்தில் அவளோடு யாரும் அதிகம் பேசுவதில்லை. நாள் முழுக்க ஊர் பேர் தெரியாத மனிதர்கள் இடது காதில் கோபப்படுகிறார்கள். அவர்கள் சொல்வதில் வசவுகளை மட்டும் நீக்கிவிட்டு அடிக்க வேண்டும் என்பது உத்தரவு. இந்த வேலை அவளுக்குப் பிடிக்கவில்லை. டாக்டர்களின் முணுமுணுப்பு எவ்வளவோ மேல். ஆனால் யாரும் அவள் மவுஸைப் பிடிப்பதில்லை.

போக வர இரண்டு பேருந்து. வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன் என்று கணவன் சொன்னதற்கு, நேரம் ஒத்துவராது என்று சொல்லிவிட்டாள். ஒத்துவரும்தான்.

ஒரு மாலை பேருந்திலிருந்து இறங்கியபோது நிறுத்தத்தில் கிரீஸ் வாசனை வந்தது. அவன்தான். அவளைக் கூப்பிடவில்லை, அருகிலும் வரவில்லை. கம்பத்தை ஒட்டி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தான். அவளும் தெரியாதவள்போலவே கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டு அவனைக் கடந்து போனாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வந்தது, நின்றால் நின்றது. வீட்டு வாசல் வரை அப்படியே வந்தது. அவள் தன் சாவியால் கதவைத் திறந்து உள்ளே போனாள். கதவைத் திறந்தே வைத்தாள்.