பலாக்காய் வெட்டக் கொடுத்த கத்தி

"பலாக்காய் வெட்டணும், கத்தியக் கொஞ்சம் குடு தம்பி" என்று பக்கத்து வீட்டு நாகலிங்கம் கேட்டபோது, கஜேந்திரன் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தான். ரப்பர் காட்டில் பற்றை, புதர் வெட்டுகிற கத்தி அது. அன்று காலையில்தான் தீட்டியிருந்தான்.

கொஞ்ச நேரத்தில், அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலிருந்து அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பலா மரத்தடியில் நாகலிங்கம் தன் கூடப்பிறந்த தம்பி சேகரைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றியிருந்தான். அந்த மரம் யாருக்கு என்பதில் இருவருக்கும் பல வருடச் சண்டை. சேகரின் தோள் பிளந்து இரத்தம் கொட்டியது. கத்தி மறுபடியும் உயர்ந்தது.

"விடுங்கண்ணே!" கஜேந்திரன் பாய்ந்து வெறுங்கையால் கத்தியைப் பிடித்தான். நாகலிங்கம் வெடுக்கென்று இழுத்தான். இரண்டு விரல்கள் மண்ணில் விழுந்தன. அதைப் பார்த்த பிறகுதான் நாகலிங்கத்தின் பிடி தளர்ந்தது. லயத்து ஆட்கள் ஓடிவந்து அவனை மரத்தோடு கட்டினார்கள்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் காயப்பட்ட இருவரும் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள்.

"இனிமே ஒருத்தனுக்கும் ஒண்ணும் குடுக்க மாட்டேன்" என்று முனகினான் கஜேந்திரன்.

சேகருக்கு அது காதில் விழவில்லை. "அண்ணன பொலிஸ்ல அடிப்பாங்களா?" என்று கேட்டு அழுதான்.