எந்த நோயோடு வாழ்வது

ரொட்டிக் கம்பெனியில் அந்த வேன் ஓட்டுநரை எல்லோரும் ‘ரிவர்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கினால் போதும், யார்மேலோ ஏற்றிவிட்டோம் என்று அவனுக்குத் தோன்றிவிடும். திருப்பிக்கொண்டு வந்து, இறங்கி, சாலையோரப் புதரையெல்லாம் விலக்கிப் பார்ப்பான். ஒன்றும் இருக்காது. இரண்டு தெரு தாண்டியதும், சரியாகப் பார்த்தோமா என்ற சந்தேகம் வந்து மறுபடியும் திரும்புவான்.

மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரை, அளவு கூடக் கூட, வேலை செய்தது. ஒருநாள் பள்ளத்தில் வேன் குலுங்கியும் அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தான். வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் சொல்லிச் சந்தோஷத்தில் தேம்பி அழுதான்.

அந்தச் சந்தோஷம் மெல்லத் தலைக்கேறியது. தூக்கம் போயிற்று. பத்து வேன் வாங்கப் போவதாகப் பார்த்தவர்களிடமெல்லாம் வாய் ஓயாமல் அளந்தான். ஒரு சாயங்காலம் மகளைப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு பறந்தான். முதலில் சிரித்த பிள்ளை, “அப்பா, நிறுத்துப்பா” என்று அலறியது அவன் காதில் ஏறவில்லை. வளைவில் வேன் கவிழ்ந்தது. பிள்ளைக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மனம் அடங்கி வீட்டுக்குக் கிளம்பும் நாளில், மருத்துவர் புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்காரவைத்தார்.

“உங்களுக்கு ரெண்டு நோய் இருக்கு. சந்தேகம் ஒண்ணு. மனசு தறிகெட்டு மேல போறது இன்னொண்ணு. அது உள்ளுக்குள்ள இருந்தது எனக்கும் தெரியல. சந்தேகத்துக்குக் குடுத்த மாத்திரை அதைக் கிளப்பி விட்டுருச்சு.”

“ரெண்டுக்கும் சேர்த்து ஒண்ணு இல்லையா டாக்டர்?” என்றாள் மனைவி.

“ஒண்ணுலயே ரெண்டும் அடங்காதும்மா. மொதல்ல மனசைப் பிடிச்சு நிறுத்தணும். அதுக்குப் புது மாத்திரை குடுத்திருக்கேன், அதை விடவே கூடாது. பழசை நிறுத்தியாச்சு, அதனால சந்தேகம் திரும்ப வரலாம். அதுக்குப் பயிற்சி இருக்கு. முழுசாப் போயிரும்னு என்னால சொல்ல முடியாது.”

“பழசையே கொஞ்சமாக் குடுங்க டாக்டர்,” என்று அவன் கெஞ்சினான். “அதைச் சாப்பிட்டப்பதான் நான் மனுஷனா இருந்தேன்.”

“நீங்க மனுஷனா இருந்தீங்க. பிள்ளை பொழைச்சதே பெருசு,” என்றாள் மனைவி. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் மருத்துவரிடம் திரும்பி, “பழசு வேண்டாம். புதுசையே எழுதுங்க,” என்றான்.

சந்தேகம் சீக்கிரமே திரும்பி வந்தது. முன்பெல்லாம் “ஒண்ணும் நடக்கல” என்று தேற்ற ஆள் இருந்தது. இப்போது சந்தேகத்தின் பக்கம் சாட்சியாக மகளின் முறிந்த தோள் இருந்தது. அவன் வேன் சாவியைக் கம்பெனியில் ஒப்படைத்துவிட்டு, ரொட்டி அடுக்கும் வேலைக்கு மாறினான். புது மாத்திரையில் விரல்கள் நடுங்கின, எந்நேரமும் தாகம். பழைய பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட யாருக்கும் மனம் வரவில்லை.

வீட்டில் மகளின் தோளையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு தடவை கேட்கலாம், மறுபடி கேட்கக் கூடாது என்பது பயிற்சி.

“வலிக்குதாம்மா?”

“இல்லப்பா.”

பிள்ளை வீட்டுப்பாடத்தைத் தொடர்ந்தது. அதே கேள்வி மறுபடியும் வாய் வரை வந்தது. அவன் வாயை இறுக மூடிக்கொண்டு, வேர்த்து வழிய, அங்கேயே உட்கார்ந்திருந்தான்.