குதிரை மூச்சு

பிரசவத்தைப் பற்றி ஓர் ஆண் தெரிந்துகொள்ள வேண்டிய அனைத்தையும் இருபது வயதிலேயே கரைத்துக் குடித்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, பிற்காலத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் வீணாகத் தேடி அலையக் கூடாதே என்றுதான் சொல்கிறேன். ஆறு சனிக்கிழமைகள், தலா ஒன்றரை மணி நேரம், ரப்பர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சம்பாதித்த ஞானம் இது.

கர்ப்பமாக இருந்தது அக்கா. துணைக்கு வர வேண்டியவர் மாமா. ஆனால் மாமாவுக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை; டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னால்தான் கரைக்கு வருவார். அம்மாவை அழைத்துப் போயிருக்கலாம். என்னைப் பெற முப்பத்தாறு மணி நேரம் பட்ட பாட்டை, கேட்காதவர்களுக்கும் விலாவாரியாகச் சொல்கிறவர் அம்மா. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்குக்கூட அந்தக் கதை மனப்பாடம்.

"அம்மா வந்தா கிளாஸே காலியாயிடும்டா. நீ வா," என்றாள் அக்கா.

அக்கா, லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். பதினான்காவது மாடியில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று, டார்ச் அடித்து இரும்புக் கயிற்றைச் சோதிப்பாள். அதே அக்கா, கடைவாய்ப் பல் பிடுங்கப் போன இடத்தில் ஊசியைப் பார்த்ததும் தாடையை இறுக்கிப் பூட்டிக்கொண்டாள். பல் டாக்டர் கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் "திறக்கிறப்ப வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். பயம் வந்தால் அவளுக்குக் காது அடைத்துவிடும், கண் இருட்டிவிடும். நடந்தது எதுவும் பிறகு நினைவிருக்காது. அன்றைக்கு எப்படி வீட்டுக்கு வந்தாள் என்பதே நாங்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

"வலிக்கும்னு தெரியும்டா. அது போகட்டும்," என்று முதல் வகுப்புக்குப் போகிற வழியில் சொன்னாள். "குழந்தை வெளிய வர்ற நேரத்துல நான் அங்க இருக்கணும். பல் டாக்டர்கிட்ட பண்ண மாதிரி உடம்பை மட்டும் விட்டுட்டு எங்கயோ போயிடக் கூடாது."

"படுத்த படுக்கையா இருக்கிறவ எங்கக்கா போவ?" என்றேன். என் ஞானம் அப்போதே வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

வகுப்பு மருத்துவமனையின் இரண்டாவது மாடியில். ஓட்டை சக்கர நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு நடுவில் பாய் விரித்திருந்தார்கள். எட்டு கர்ப்பிணிகள், ஏழு கணவர்கள், நான். பாடம் எடுத்தவர் பிசியோதெரபிஸ்ட் அம்மா ஒருவர். காதோரம் நரைத்திருந்தது, குரலில் ரேஷன் கடை வரிசையை ஒழுங்குபடுத்தும் கண்டிப்பு.

"பயந்தா உடம்பு இறுகும். இறுகினா வலி கூடும். வலி கூடினா இன்னும் பயம் வரும்," என்றார். "பயப்படாதேன்னு சொல்லி யாருக்கும் பயம் போனதில்ல. அதனால பயத்தோட மல்லுக்கட்டாதீங்க. வாயைத் தளர்த்துங்க. தாடை இளகினா மத்ததும் தானா இளகும்."

பிறகு உதடுகளைத் தொளதொளவென்று விட்டு, குதிரை போல "புர்ர்ர்ர்" என்று ஊதிக் காட்டினார்.

எல்லோரும் செய்தார்கள். வங்கி மேனேஜர் ஒருவர், கட்டிய டையோடு, மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டே "புர்ர்ர்" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்த வக்கீல் ஆட்சேபணை எதுவும் தெரிவிக்காமல் அதையே வழிமொழிந்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, தோள் இறங்க, அழகாகச் செய்தாள். "இவங்கள பாருங்க, இதான்," என்றார் பிசியோ அம்மா. நான் உதட்டை ஒட்டி வைத்துக்கொண்டு குறிப்பெடுத்தேன்.

குறிப்புகளின் விளைவாகக் கல்லூரிச் சுவரிதழில் "குதிரைகள் பெருகிவரும் நகரம்" என்ற கட்டுரை வெளிவந்தது. முதல்வரே நின்று படித்ததாகப் பியூன் சொன்னார். சனிக்கிழமை தோறும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் வீட்டில் அதை நடித்தும் காட்டினேன். முதலில் மேனேஜர், அடுத்து வக்கீல், கடைசியாகச் சட்டைக்குள் தலையணையைச் செருகிக்கொண்டு அக்கா. அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அக்காவும் சிரித்தாள்.

"ச்சீ, நான் அப்படியாடா இருக்கேன்?"

"இது குறைச்சுப் பண்ணது."

அதற்குப் பிறகு அவள் வீட்டில் பயிற்சி செய்து நான் பார்க்கவில்லை. வகுப்பிலும் வாய்க்கு முன்னால் கையை வைத்துக்கொண்டாள். என் நடிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

குழந்தை மாமாவின் கப்பலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு வாரம் முன்னதாக, ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அக்காவுக்கு வலி பிடித்தது. பிரசவ அறைக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி. நாங்கள் உள்ளே போகும்போது அம்மா காவலாளியிடம் தன் முப்பத்தாறு மணி நேரக் கதையில் பதினேழாவது மணி நேரத்துக்கு வந்திருந்தார்.

உள்ளே மூன்று கட்டில்கள், இடையில் பச்சைத் திரைகள். குழந்தையின் இதயத்துடிப்பைக் காட்டும் மெஷின் ஒன்று நீளமாகக் காகிதம் துப்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் பெரிய சிஸ்டர் என்று கூப்பிட்ட நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "கர்ப்பப்பை வாய் நாலு சென்டிமீட்டர் திறந்திருக்கு. பத்து ஆகணும்," என்றார். இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். நாலுதான்.

"லிஃப்ட் மாதிரி நடுவுல நின்னுடுச்சா சிஸ்டர்? கரண்ட் போயிடுச்சா?" என்றாள் அக்கா. அன்றைக்கு அதுதான் அவளுடைய கடைசி ஜோக். அடுத்த வலியில் கட்டில் கம்பியைப் பிடித்தாள். விரல் முட்டிகள் வெளுத்தன. தாடை பூட்டிக்கொண்டது.

"ரிலாக்ஸ்க்கா. பயப்படாத," என்றேன்.

"இன்னொரு தடவை அதைச் சொன்ன, கடிச்சிடுவேன்." பல்லைத் திறக்காமலே சொன்னாள்.

"கிளாசுக்குப் போனீங்கல்ல? அந்த வாய் மூச்சை விடுங்கம்மா," என்றார் பெரிய சிஸ்டர். அக்கா தலையை ஆட்டி மறுத்தாள். பக்கத்துக் கட்டிலில் கூப்பிட்டார்கள்; சிஸ்டர் போய்விட்டார்.

"ஏன்க்கா? நல்லா பண்ணுவியே."

"வரலடா."

"வராம என்ன?"

"உதட்டைத் தளர்த்தினா நீ தலையணை வெச்சுக்கிட்டு நிக்கிறதுதான் ஞாபகம் வருது. அம்மா சிரிக்கிறது கேக்குது." மூச்சு வாங்கினாள். "அசிங்கமா இருக்குடா. விடு."

அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. "அக்கா," என்றேன். கண் திறந்துதான் இருந்தது, என்னைப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. வலி இறங்கிய பிறகு மெல்லத் திரும்பினாள்.

"என்னடா?"

"கூப்பிட்டேன்."

"எப்ப?" என்று கேட்டுவிட்டு, அவளுக்கே புரிந்து, முகம் மாறியது. "போயிட்டேன் பாத்தியா. இப்பவே போறேன்."

சொல்வதற்கு ஐந்தாறு வாக்கியங்கள் என்னிடம் இருந்தன. அவற்றில் இரண்டு மிக நன்றாக இருந்தன. அவற்றை விட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்து அவள் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன். திரை முழுதாக மூடியிருக்கவில்லை. பயிற்சி நர்ஸுகள் இருவர் பஞ்சு எண்ணிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரியின் கணவர் கையில் பிளாஸ்கோடு இந்தப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

உதட்டைத் தளர்த்தப் பார்த்தேன். முடியவில்லை. காலையிலிருந்து நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். காது வரைக்கும் வலித்தது. கன்னத்தை இரண்டு கையாலும் தேய்த்துவிட்டு, மறுபடி ஊதினேன். வெறும் காற்று. மூன்றாவது தடவை வந்தது. சின்னதாக, "புர்ர்ர்".

அக்கா முறைத்தாள். "கிண்டலா?"

நிறுத்தினால் மறுபடி வராதோ என்ற பயத்தில் ஊதிக்கொண்டே இருந்தேன். பயிற்சி நர்ஸுகள் பஞ்சு எண்ணுவதை நிறுத்தினார்கள். பிளாஸ்க்காரர் ஓரடி முன்னால் வந்தார். என் முகத்தில் எங்காவது சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று அக்கா தேடினாள். டார்ச் அடித்துக் கயிறு பார்க்கிறவளின் பார்வை அது. ஒரு இழை அறுந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

அடுத்த வலி வந்தது. அவள் உதடு நடுங்கியது, பிறகு தொளதொளத்தது. "புர்ர்ர்," என்றாள். எச்சில் என் கன்னத்தில் தெறித்தது. நான் துடைக்கவில்லை. அவள் முடிக்கும்போது நான் தொடங்கினேன், நான் முடிக்கும்போது அவள் தொடங்கினாள். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

"இருக்கியாக்கா?"

"இருக்கேன். வலிக்குது, ஆனா இருக்கேன். நிறுத்தாதடா."

பெரிய சிஸ்டர் ஆறு என்றார். பிறகு எட்டு. அதற்குப் பிறகு எண்ணிக்கையை நான் கவனிக்கவில்லை. என் உதடு மரத்து, பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டவன்போல் ஆகியிருந்தது.

மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் அந்தச் சமயத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அக்கா பார்த்தாள். முதலில் தலை வந்தது, அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, அப்புறம் தோள், ஒரு கை கன்னத்தோடு ஒட்டியிருந்தது என்று வரிசையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.

குழந்தையைத் துணியில் சுற்றி அவள் மார்பில் வைத்தார்கள். வெளியே போய் அம்மாவிடம் சொல்லலாம் என்று எழுந்தேன். பக்கத்துத் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது. பிளாஸ்க்காரர், "பயப்படாதம்மா, பயப்படாத," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரிய சிஸ்டர் திரையிடுக்கில் தலையை நீட்டினார். "தம்பி, திரைக்கிட்ட நின்னு அந்த மூச்சைக் கொஞ்சம் சத்தமா விடுங்களேன். இவங்களுக்கும் கேக்கட்டும்."

அக்காவைப் பார்த்தேன். அவள் குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "போடா," என்றாள்.

திரையை ஒட்டிப் போய் நின்றேன். கன்னத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகவே ஊதினேன்.