ஆற்று நீரில் ஒரு மெல்லிய கோடு

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளைப் பெட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் தூக்கிப் போட மனம் வராது என்பதால் வந்த பெயர். கருவிகள் தரும் கணினிக் கோப்புகளை வகைபிரித்துப் பாதுகாப்பது அவள் வேலை. அங்கே தலைமை ஆய்வாளராக இருந்தவர் அவளுடைய அண்ணன் மனைவி. 'மேடம்' என்று ஆரம்பிப்பாள். பேச்சு முடிவதற்குள் 'அண்ணி' ஆகிவிடும்.

ஆற்றிலிருந்து தினமும் வரும் நீரைக் கருவி ஆராயும். நீரில் கலந்திருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வரைபடத்தில் ஒரு முகடு எழும். பூச்சிமருந்து போன்ற சிலவற்றின் முகடுகளை மட்டும் பார்த்துவிட்டு, குடிக்கலாம் என்று அறிக்கை அனுப்புவார்கள். மற்ற முகடுகளைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

ஆய்வு மென்பொருளை மாற்றப்போவதாகச் செய்தி வந்தது. புதிய மென்பொருளால் பழைய கோப்புகளைத் திறக்க முடியாது.

"அறிக்கைதான் இருக்கே, மூலக் கோப்பு எதுக்கு? அழிச்சிடுங்க, இடமாவது மிச்சமாகும்," என்றார் மேலாளர்.

"நாம கேட்ட கேள்விக்கு மட்டும்தான் சார் அறிக்கையில பதில் இருக்கு. நாளைக்கு வேற கேள்வி வந்தா?"

"வந்தா அப்போ பார்த்துக்கலாம்."

"அப்போ பார்க்கறதுக்கு ஒண்ணும் இருக்காதே சார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழைய மென்பொருள் இருக்கும்வரை என்ன வேண்டுமோ செய்துகொள்ளுங்கள், மற்ற வேலை கெடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எந்தக் கணினியும் திறக்கக்கூடிய எளிய வடிவத்துக்குக் கோப்புகளை மாற்றத் தொடங்கினாள் பெட்டகம். எந்த நாள், எந்தக் கருவி, இயக்கியது யார் என்ற விவரங்களையும் ஒவ்வொன்றோடும் சேர்த்தாள். ஓரிடத்தில் 'கடைசி', 'உண்மையான கடைசி', 'இதுதான்பா கடைசி' என்று மூன்று கோப்புகள் வரிசையாக நின்றன.

"இது உங்க கைவரிசைதானே மேடம்?"

"வீட்டுல போய் உங்கண்ணன்கிட்ட சொல்லி வைக்காதே," என்றார் அண்ணி.

மாற்றி முடித்ததும் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி செய்தாள். ஒவ்வொரு நாளின் வரைபடத்தையும் மெல்லிய பட்டையாக்கி, முகடு உயரும் இடத்தில் நிறம் அடர்த்தியாகும்படி வைத்து, எல்லா வருடங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாள். திரை நிரம்பியது. அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

ஆறு முழுவதும் அங்கே இருந்தது. மழைக்காலங்கள் மங்கலாகக் கலங்கி ஓடின. கோடைகள் இறுகி அடர்ந்தன. நடுவே ஒரு மெல்லிய கோடு ஒவ்வொரு வருடமும் கோடை முடிகிற சமயம் தோன்றி, கருத்து, கரைந்துபோனது. ஒரே ஒரு வருடம் மட்டும் அது வரவில்லை.

"அண்ணி! இங்க வாங்களேன்!"

கூடமே திரும்பிப் பார்த்தது. அண்ணி வந்து குனிந்து பார்த்தார்.

"கருவியில அழுக்கு இருந்திருக்கும்."

"அதையும் பார்த்துட்டேன். வெறும் சுத்த நீரை ஓட்டின கோப்பும் இருக்கு. அதுல இந்தக் கோடு கிடையாது."

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, ஆறு பிறக்கும் மலைக்காட்டின் வன அலுவலரைத் தொலைபேசியில் பிடித்து, அந்த வாரங்களில் அங்கே என்ன நடக்கும் என்று கேட்டார்.

"கரையோர மரமெல்லாம் பூக்குமேம்மா. பூ கொட்டி தண்ணியே தெரியாது."

"ஒரு வருஷம் மட்டும்…" என்று வருடத்தைச் சொன்னார் அண்ணி.

"அந்த வருஷமா? மழை பொய்ச்சுப் போச்சு. ஒரு மரம்கூட பூக்கலை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணி விஷயத்தைச் சொல்லி, அடுத்த முறை மரங்கள் பூக்கும்போது கொஞ்சம் பூ அனுப்பும்படி கேட்டுக்கொண்டார்.

பூக்கும் பருவம் வந்ததும் அலுவலர் ஒரு பை நிறையப் பூ அனுப்பினார். அதை ஊறவைத்து, வடிகட்டி, கருவியில் ஏற்றினார்கள். மேலாளரும் வந்து பின்னால் நின்றார். கோடு இருந்த அதே இடத்தில் முகடு மெல்ல எழுந்தது.

"அப்போ இத்தனை வருஷமா…" என்று ஆரம்பித்தார் மேலாளர்.

"ஆமா சார். காடு பூத்ததை நாம தினமும் அளந்திருக்கோம். பார்த்ததுதான் இல்லை," என்றார் அண்ணி.

மூலக் கோப்பு எதையும் அழிக்கக்கூடாது என்று அன்றே உத்தரவு போட்ட மேலாளர், கிளம்பாமல் திரையருகே வந்து நின்றார். வேறொரு கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது என்னம்மா?"

"தெரியலை சார்," என்றாள் பெட்டகம். அதைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.